பிரசவத்தை ஏன் இப்படிக் காட்டுகிறார்கள்?

ஒரு கண்காட்சியில் மூன்று புகைப்படங்களைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆடையே இல்லாமல் சுவரோரமாக நிற்கும் மூன்று பெண்கள். ஒருவர் காலில் ரத்தம் வழிந்திருக்கிறது, இன்னொருவர் வயிற்றில் சிசேரியன் தழும்பு. தாய்மை இயற்கையான, அழகான விஷயம்தானே, அதைப் போய் இப்படி அசிங்கமாகக் காட்டினால்தான் இன்றைக்குக் கலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவை அங்கே அழைத்துப் போகலாமா என்பதையும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது, இந்தக் கலைஞர்கள் நம்மை அதிரவைக்கத்தான் இதையெல்லாம் செய்கிறார்களா, இல்லை வேறு ஏதாவது சொல்ல வருகிறார்களா என்பதுதான். நான் கலை வரலாறு படித்தவள், பல வருடங்களாகக் கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறேன். மகப்பேறு செவிலியம் படிக்கும் மாணவிகளுக்கும் அவ்வப்போது இந்த மாதிரிப் படங்களை வைத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. அதனால் யாருக்கு எந்தப் பிரசவம் நல்லது என்பது பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தவை நெதர்லாந்தைச் சேர்ந்த ரினேக்கே டைக்ஸ்ட்ரா 1994இல் எடுத்தவை. விவரிப்பை வைத்தே சொல்லிவிடலாம், அவ்வளவு பிரபலமான படங்கள். ஒரு பெண் குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்தில் நிற்கிறார், வலைத்துணியால் ஆன ஜட்டியும் உள்ளே தடிமனான பேடும் போட்டிருக்கிறார். இரண்டாமவர் ஒரு நாள் கழித்து. அவர் காலில்தான் அந்த மெல்லிய ரத்தக்கோடு. மூன்றாமவர் ஒரு வாரம் கழித்து, சிசேரியன் தழும்போடு. பின்னால் வெற்றுச் சுவர். பூ இல்லை, மெத்தை இல்லை, மென்மையான ஜன்னல் வெளிச்சமும் இல்லை. மூன்று பேரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். இதில் நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மூன்று பெண்களுக்கும் கேமரா ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது, ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி நேர்ப்பார்வை. சுகப்பிரசவம் ஆனவருக்கு ஒரு மரியாதை, வயிற்றைக் கிழித்து எடுத்தவருக்கு இன்னொரு மரியாதை என்று அந்தப் படங்களில் எதுவும் கிடையாது. எது இயற்கை, எது இயற்கை இல்லை என்று தரம்பிரிக்கவே மறுக்கிற படங்கள் அவை. எனக்கு அவற்றின் அழகு அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படங்களைக் கலை மாணவர்களிடம் காட்டினால் முதலில் அமைதியாகிவிடுவார்கள், அப்புறம் யாராவது ‘பாவம்’ என்பார்கள். செவிலிய மாணவிகள் அப்படிச் சொன்னதே இல்லை. அவர்கள் கண் நேரே குழந்தையின் தலைக்குக் கீழே இருக்கும் கைக்குப் போகும், எவ்வளவு சரியாகத் தாங்கியிருக்கிறார் பாருங்கள் என்பார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கிறாரே, தலை சுற்றாதா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள். ரத்தத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், அது அங்கே இருக்க வேண்டிய ஒன்று. ஒரே படம்தான். பிரசவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் உழைப்பும் பக்குவமும் தெரிகிறது, பார்க்காதவர்களுக்கு அசிங்கம் தெரிகிறது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலானோர் பிரசவத்தைப் படமாகப் பார்த்து வளரவில்லை, அதற்குப் பதிலாக வேறு படங்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம்.

இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம். ஐரோப்பிய ஓவியத்தில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் மாதாவின் படங்கள் கணக்கில் அடங்காது. அந்தக் குழந்தை வெளியே வந்த நேரத்தைக் காட்டும் படங்கள் மிகமிகக் குறைவு. அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ இதைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் போனதால்தான் 1980இல் ‘பிறப்புத் திட்டம்’ என்ற பெரிய வேலையைத் தொடங்கினார். அவர் வரைந்து கொடுத்த வடிவங்களை 150க்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே எம்பிராய்டரியாகவும் பின்னலாகவும் செய்து முடித்தார்கள், 1985 வரை போனது அது. பிள்ளை பெறாதவர் அவர். அவர் பிரசவத்தைப் பற்றிச் செய்யலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பெற்ற பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார், பிரசவ அறைக்குள் போயும் பார்த்தார், எனக்கு அது போதும்.

கர்ப்பிணிகளின் ஓவியமும் அதே போலத்தான் அரிது, ஒரு விதிவிலக்கு தவிர. 1590களிலிருந்து 1620 வரையிலான இங்கிலாந்தில் மார்கஸ் கீராட்ஸ் போன்ற ஓவியர்கள், பட்டும் முத்தும் அணிந்து, வயிறு நன்றாகத் தெரியும்படி நிற்கும் பிரபுக் குடும்பத்துப் பெண்களை வரைந்திருக்கிறார்கள். கேரன் ஹெர்ன் என்ற வரலாற்றாளர் இவற்றை வைத்து 2020இல் லண்டனில் ஒரு கண்காட்சியே நடத்தினார். ஏன் அப்படி வரையச் சொன்னார்கள்? பிரசவத்தில் இறந்துவிட்டால் முகமாவது மிஞ்சட்டும் என்ற பயம் ஒரு காரணம், வம்சம் தொடர்கிறது என்ற பெருமை இன்னொரு காரணம் என்கிறார்கள். இரண்டுமே நம்பக்கூடிய விளக்கம், ஆனால் விளக்கம்தான். இன்ன காரணத்துக்காக என்று அந்தப் பெண்களே சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை விடச் சந்தேகமானது, நிறையப் பேர் பகிரும் வில்லன்டார்ஃப் சிலை. 1908இல் ஆஸ்திரியாவில் தோண்டி எடுத்த, கையளவே உள்ள அந்தக் கல் பொம்மையைக் கர்ப்பிணித் தெய்வம் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. 25,000 ஆண்டுகளுக்கும் பழையது, எழுத்தே இல்லாத காலம். கர்ப்பிணியா, பருமனான பெண்ணா, தெய்வமா, விளையாட்டுப் பொருளா, எதையும் நிரூபிக்க முடியாது. ஆதிகாலத்தில் எல்லோரும் தாய்மையை வணங்கினார்கள் என்று அதை வைத்து யாராவது கட்டுரை எழுதினால் கொஞ்சம் ஒதுங்கியே நில்லுங்கள்.

நவீன காலத்துக்கு வந்தால், நான் எப்போதும் பவுலா மோடர்சோன்-பெக்கரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஜெர்மானியர். 1906இல் பாரிஸில், தன் ஆறாவது திருமண நாளில், இடுப்பு வரை ஆடையில்லாமல், வயிற்றைக் கையால் தாங்கியபடி கர்ப்பிணிபோலத் தன்னையே வரைந்தார். அப்போது அவர் கர்ப்பமாகவே இல்லை, கணவரைப் பிரிந்து தனியாக இருந்தார். மறு வருடம் நவம்பரில் மகள் பிறந்தாள், மூன்று வாரம்கூட ஆகவில்லை, ரத்தக்கட்டியால் இறந்துபோனார். வயது 31. அந்த ஓவியத்தைத் தன் கலையை உருவாக்கும் சக்தியின் படம் என்று பலர் வாசிக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அவருடைய முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அதைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. அப்புறம் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ. 1932இல் டெட்ராய்ட் நகரில் கருக்கலைந்து படுத்திருந்தபோது வந்த அனுபவத்தை ஒரு சின்ன உலோகத் தகட்டில் வரைந்தார்: ரத்தம் படிந்த கட்டில், வயிற்றின் மேல் சிவப்பு நாடாக்கள், அவற்றின் நுனிகளில் ஒரு சிசு, ஒரு நத்தை, இடுப்பெலும்பு, ஒரு இயந்திரம், ஒரு பூ. தொடுவானத்தில் தொழிற்சாலைகள். குழந்தை வரவில்லை என்பதும் கர்ப்பத்தின் கதைதான் என்று அதற்கு முன்னால் ஓவியத்தில் அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் அரிது.

சரி, நீங்கள் சொன்ன ‘இயற்கை’ என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையமே அதுதான், கலைஞர்கள் சண்டை போடுவதும் அதோடுதான். பிரசவம் இயற்கை நிகழ்வு என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ‘இயற்கையான பிரசவம்’ என்று ஒரு கொள்கையாக அது பேசப்பட்டது ரொம்பச் சமீபத்தில்தான். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினும் ஸ்கோபலமினும் கலந்து கொடுத்து, குழந்தை பிறந்ததே நினைவில்லாதபடி பெண்களை அரைமயக்கத்தில் வைக்கும் முறை பரவியது. கைகால் ஆட்டாமல் இருக்கக் கட்டிலோடு கட்டிப்போட்டதும் உண்டு. அதற்கு எதிர்வினையாகத்தான் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1933இல் இயற்கைப் பிரசவம் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். பயந்தால் உடல் இறுகும், இறுகினால் வலி கூடும், பயத்தைப் போக்கினால் வலி குறையும் என்பது அவர் வாதம். அதனால் பெண்களுக்குக் கிடைத்த நன்மைகளை மறுக்க மாட்டேன்: விழித்திருந்து பிள்ளை பெறும் உரிமை, கூட ஒருவர் இருக்கும் உரிமை, மூச்சுப்பயிற்சி, எல்லாம் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ‘நாகரிகம் தொடாத’ பெண்கள் வலியே இல்லாமல் பெறுகிறார்கள் என்றும், படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் இன்னும் நிறையப் பெற வேண்டும் என்றும் அவர் நம்பினார். முதலாவது உண்மையே இல்லை. இரண்டாவதில் எந்த மாதிரிக் குழந்தைகள் உலகத்துக்குத் தேவை என்ற இனவாதக் கணக்கு இருந்தது.

வலி தெரியாத உடல் என்ற அந்தக் கற்பனை எவ்வளவு கொடுமைக்கு இடம்கொடுத்தது என்பதைக் காட்டும் ஒரு சிற்பத்தொகுதி உண்டு. 1840களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், நீண்ட பிரசவத்தால் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்த அடிமைப் பெண்களை வைத்து அறுவை செய்து பழகினார், மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் 30 முறை. அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குத் தெரியும், மற்றவர்கள் பெயர்கூடப் பதிவாகவில்லை. சிம்ஸுக்குச் சிலை வைத்தார்கள், நியூயார்க்கில் இருந்த அந்தச் சிலையை 2018இல்தான் எடுத்தார்கள். 2021இல் மிஷல் பிரௌடர் என்ற கலைஞர், சம்பவம் நடந்த அதே மான்ட்கமரி நகரில், தூக்கிப்போட்ட உலோகத் துண்டுகளைப் பற்றவைத்து அந்த மூன்று பெண்களையும் ஆளைவிடப் பெரிய உருவங்களாக நிறுத்தினார். பக்கத்தில் போனால் கத்திரிக்கோல், சங்கிலி, பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும் வேலை அது. அழகான தாய்மையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது அசிங்கமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண்களை வேறு எப்படிக் காட்டுவது?

இதற்கு நேர் எதிராக, இயற்கையைப் பெண்ணின் சக்தியாகவே எடுத்துக்கொண்ட கலைஞர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த மோனிகா ஷோ, தன் வீட்டுப் பிரசவ அனுபவத்திலிருந்து 1968இல் ‘கடவுள் பிள்ளை பெறுகிறார்’ என்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு பெண் உருவம், முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை, கால்களுக்கு நடுவே குழந்தையின் தலை. கண்காட்சியிலிருந்து இறக்கினார்கள், ஆபாசம், தெய்வநிந்தனை என்று போலீசில் புகார் போனது. பெண் என்றாலே இயற்கை, இயற்கை என்றாலே தெய்வம் என்ற அவருடைய கொள்கையை நான் முழுசாக ஏற்கவில்லை. பெற முடியாத, பெற விரும்பாத பெண்களுக்கு அதில் எங்கே இடம் என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஓவியத்தில் ரத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரத்தம் இல்லாமலே அது ஊரைக் கோபப்படுத்தியது.

1970களில் நடந்ததுதான் என் பார்வையில் பெரிய திருப்பம். மேரி கெல்லி 1973இலிருந்து 1979 வரை ‘பிரசவத்துக்குப் பிந்தைய ஆவணம்’ என்ற படைப்பைச் செய்தார். அதில் தாயின் படமும் இல்லை, குழந்தையின் படமும் இல்லை. குழந்தை என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு என்ற குறிப்பு, அதன் கூடவே கறைபடிந்த நாப்பித் துணி, பிறகு அவன் கிறுக்கல்கள், பேசிய முதல் வார்த்தைகள், எல்லாம் அருங்காட்சியகப் பொருள்போல வரிசையாக. 1976இல் லண்டனில் காட்டியபோது பத்திரிகைகள் நாப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டன. ஒரு தாய் தினமும் பத்துத் தடவை கையில் எடுத்துப் பார்க்கிற பொருள், பச்சையா மஞ்சளா, தண்ணியாகப் போகிறதா என்று டாக்டரிடம் சொல்ல வேண்டிய பொருள், கேலரிச் சுவருக்குப் போனதும் அவமானமாகிவிட்டது. தாய்மை உடலில் தானாக ஊறி வருகிற ஒன்று என்று நினைக்கிறோமே, அது நாளுக்கு நாள் கற்றுக்கொள்கிற, குறித்துவைக்கிற, குழம்புகிற வேலை என்று கெல்லி காட்டினார். என்னிடம் யாராவது ஒரே ஒரு படைப்பைத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன், பார்க்கக் கவர்ச்சியாக இல்லாவிட்டாலும்.

அதே காலத்தில் சூசன் ஹில்லர் தன் கர்ப்ப காலம் முழுக்கத் தினமும் தன் வயிற்றை மட்டும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 28 படங்கள் ஒரு கட்டம், அது ஒரு சந்திர மாதம். அப்படிப் பத்து மாதங்கள். கட்டங்கள் சுவரில் படிப்படியாகக் கீழே இறங்கும், பக்கத்தில் அவருடைய நாட்குறிப்பு வரிகள். முதல் கட்டத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. ஏழாவது எட்டாவது கட்டத்துக்கு வரும்போது வயிறு மலைபோலவும் நிலவுபோலவும் ஆகிவிடும். காலண்டரும் இயற்கைதான், எண்ணிக்கையும் உணர்ச்சிதான் என்று அதைப் பார்க்கும்போது புரியும். சென்கா நெங்குடி இன்னும் ஒரு படி மேலே போனார். 1974இல் மகன் பிறந்த பிறகு, நைலான் காலுறைகளுக்குள் மணலை அடைத்து, இழுத்து, சுவரில் கட்டித் தொங்கவிட்டார். இழுபட்டு, தொங்கி, மறுபடி சுருங்குகிற அந்தத் துணியில் பிள்ளை பெற்ற உடம்பு அப்படியே இருக்கும். மனித உருவமே கிடையாது.

இப்போது வேறு பக்கம் பாருங்கள். நாம் இயற்கை என்று சந்தேகமே இல்லாமல் நம்புகிற ஒரு படம் இருக்கிறது: இருட்டில் விண்வெளி வீரன்போல மிதக்கும் சிசு. 1965 ஏப்ரலில் அமெரிக்காவின் லைஃப் இதழ் ஸ்வீடன் புகைப்படக்காரர் லென்னார்ட் நில்சன் எடுத்த படங்களை வெளியிட்டபோதுதான் அது உலகத்துக்கே அறிமுகமானது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை கருப்பைக்குள் எடுக்கப்படவில்லை. மருத்துவக் காரணங்களால் அறுவை செய்து வெளியே எடுத்த கருக்களை, விளக்கு வைத்து, பின்னணி அமைத்து எடுத்தவை. உயிரின் தொடக்கம் என்று நாம் சுவரில் மாட்டிவைத்த படங்களில் பலவற்றில் இருப்பது பிறக்கவே போகாத சிசு. இதை 1987இல் ரோசலிண்ட் பெட்செஸ்கி என்ற பெண்ணிய ஆய்வாளர் ஒரு கட்டுரையில் அலசினார்: அந்தப் படங்களில் அம்மா எங்கே என்று கேட்டார். தொப்புள்கொடி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமல் கறுப்பாக்கிவிட்டால், குழந்தை தன்னந்தனியாக வளர்கிறது என்றுதானே தோன்றும்? பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கத்தாரில் தோஹா நகர மருத்துவமனை முன்னால் கருத்தரிப்பு முதல் பிறப்பு வரை 14 பிரம்மாண்டமான வெண்கலச் சிற்பங்களை வைத்தார், கடைசிக் குழந்தை மட்டும் 14 மீட்டர் உயரம். 2013இல் திறந்து, சீக்கிரமே மூடி, 2018இல்தான் மறுபடி திறந்தார்கள். மூடியதற்கு ஆபாசம்தான் காரணம் என்றும் கட்டிட வேலைதான் காரணம் என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள், அதில் நான் தலையிடவில்லை. எனக்கு உறுத்துவது வேறு: 14 சிற்பம், கருப்பை இருக்கிறது, கருப்பை யாருடையது என்பது ஒன்றில்கூட இல்லை. டைக்ஸ்ட்ராவின் ரத்தக்கோட்டைவிட இதுதான் என்னை அதிரவைக்கிறது.

இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவிலான கோட்டையே எடுத்து விசாரிக்கிறவர்களும் உண்டு. ஹெலன் சாட்விக் 1990களின் நடுவில் லண்டனில் ஒரு குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவில் இருந்து, உடலுக்கு வெளியே உருவாக்கி, எந்தக் கருப்பையிலும் வைக்கப்படாமல் போன கருக்களைப் படமெடுத்து நகைபோலப் பதித்தார். மோதிரம், மாலை, பதக்கம். அந்த வேலை முடிந்த கையோடு 1996இல் 42 வயதில் திடீரென இறந்துவிட்டார். பட்ரீசியா பிச்சினினி 2003இல் வெனிஸ் கண்காட்சியில் வைத்த சிற்பத்தில், பன்றியும் மனிதரும் கலந்த ஒரு தாய் படுத்தபடி குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறாள். சிலிகோன்தான், ஆனால் தோலில் மச்சம், சுருக்கம், முடி எல்லாம் நம் தோல்தான். முதலில் அருவருப்பு வரும், கண்ணைப் பார்த்தால் களைத்துப்போன எந்தத் தாயின் கண்ணும் அதுதான். ஜப்பானின் ஆய் ஹசேகாவா, அழிந்துகொண்டிருக்கும் ஒரு டால்பின் இனத்தை ஒரு பெண் சுமந்து பெற்றால் என்ன என்று கேட்டார். ஏற்கெனவே இவ்வளவு மனிதர்கள் இருக்கும்போது, தாயாகும் ஆசையை வேறு உயிருக்குக் கொடுக்கலாமே என்பது அவர் எண்ணம். இதையெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது: 2017இல் பிலடெல்பியா ஆராய்ச்சியாளர்கள் குறைமாத ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரப்பிய பைக்குள் நான்கு வாரம்வரை வளர்த்துக் காட்டினார்கள். அப்புறம் ஃபின்லாந்தின் எலினா பிரோதெருஸ். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த வருடங்களில் தன்னையே படமெடுத்தார்: ஊசி, நாள்காட்டி, காத்திருப்பு, ரத்தப்போக்கு, கடைசியில் குழந்தை இல்லை. தாய்மை இயற்கைதானே என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை யார் காதில் எப்படி விழுகிறது என்பதை அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

சரி, அதிரவைப்பதற்காகவே செய்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2011இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மார்னி கோட்டக் ஒரு கேலரிக்குள்ளேயே அறை அமைத்து, சிறு கூட்டத்தின் முன்னால் மகனைப் பெற்றெடுத்தார். அதைக் கலை என்று ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் செய்தியாக அது பரவிய அளவுக்குப் பிரசவத்தைப் பற்றி ஏதாவது புதிதாகச் சொன்னதா என்பதில் தயக்கம் உண்டு. இன்னொருவர் வேறு மாதிரி நினைக்கலாம். ஹேஜி ஷின் எடுத்த, தலை மட்டும் வெளியே வந்த நொடியில் குழந்தைகளின் பெரிய படங்கள் 2019இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கண்காட்சியில் இருந்தன. நசுங்கி, சிவந்து, கோபமாக இருக்கும் அந்த முகங்களை நான் விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே முதன்முறையாகக் குழந்தைக்கும் அது கஷ்டமான வேலை என்று தெரிகிறது. நான் சோதித்துப் பார்ப்பது கேமரா எங்கே நிற்கிறது, யார் அனுமதியோடு நிற்கிறது, பெற்ற பெண் அந்தப் படத்தில் ஆளாக இருக்கிறாளா, வெறும் உடலாக இருக்கிறாளா என்பதைத்தான். கார்மென் வைனன்ட் 2018இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எதிரெதிரான இரண்டு சுவர்கள் நிறைய, பழைய புத்தகங்களிலிருந்தும் துண்டறிக்கைகளிலிருந்தும் சேர்த்த 2,000க்கும் மேற்பட்ட பிரசவப் படங்களை நீல டேப்பால் ஒட்டினார். முதல் சில படங்களில்தான் கூச்சம். அப்புறம் எண்ணிக்கையே கூச்சத்தைத் தின்றுவிடும், கண் வேறு விஷயங்களைப் பார்க்க ஆரம்பிக்கும்: முதுகைத் தேய்க்கும் கை, முழங்காலைப் பிடித்திருக்கும் கை, நெற்றியில் வைத்த கை. பிரசவத்தில் இவ்வளவு கைகள் இருக்கின்றன என்று அதற்கு முன்னால் எந்த ஓவியமும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் மேலே சொன்னவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். பெரிய அருங்காட்சியகங்கள் வாங்கியதும், நான் படித்த பாடத்திட்டத்தில் இருந்ததும் அவைதான், அதனால் இதை உலகத்தின் முழுக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, இந்தக் கலையால் பிரசவ அறையில் ஏதாவது மாறுகிறதா என்பது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பிரசவம் பற்றிய கலைக்காகவே ஒரு சேகரிப்பு சில காலம் இருந்தது, மகப்பேறு படிக்கும் மாணவர்கள் அவற்றின் நடுவே படித்தார்கள். அது அவர்கள் பார்வையை மாற்றியிருக்கும் என்று நம்புகிறேன், நம்பிக்கை என்றுதான் சொல்ல முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் கர்ப்பம், பிரசவம் தொடர்பாக ஏறக்குறைய 2,87,000 பெண்கள் இறந்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. இன்னொரு பக்கம் உலகப் பிரசவங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சிசேரியன். தேவையில்லாத இடத்தில் செய்கிறார்கள், தேவைப்படும் இடத்தில் கிடைப்பதில்லை. இயற்கை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாலும், இயந்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் யாரோ ஒரு பெண் விலை கொடுக்கிறாள் என்பதால்தான் இந்தக் கலைஞர்கள் இவ்வளவு பிடிவாதமாக உடலையே பார்க்கச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா விஷயம். அவரிடமே கேளுங்கள், என்னென்ன படங்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சில கர்ப்பிணிகளுக்கு டைக்ஸ்ட்ராவின் படங்கள் பெரிய ஆறுதல், பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் காட்டாததை அவை காட்டுகின்றன. சிலருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டுமே நியாயம்தான், வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். முன்பு கருக்கலைந்த அனுபவம் அவருக்கு இருந்தால் காலோ, பிரோதெருஸ் படங்களை நீங்களாக எடுத்துக் காட்டாதீர்கள். அதற்குப் பதிலாக ஆலிஸ் நீல் என்ற அமெரிக்க ஓவியரின் கர்ப்பிணி ஓவியங்களைத் தேடிக் காட்டலாம், 1960களிலிருந்து 1978 வரை நிறைய வரைந்திருக்கிறார். அதில் கடைசியாக வரைந்ததில் மார்கரெட் எவன்ஸ் என்ற பெண், வயிற்றில் இரட்டைக் குழந்தைகளுடன், ஒரு சின்ன நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கிறார். கைகள் இரண்டும் இருக்கையை இறுகப் பிடித்திருக்கின்றன. ஏழு மாதத்தில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் அக்காவுக்குத் தெரியும், அந்தக் கைகளை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்.